தருமர் நின்ற இடம்

இமாசலப் பிரதேசத்தின் லாஹௌல்-ஸ்பிதி மாவட்டத்தில், ஏறத்தாழ 14,000 அடி உயரத்தில், சந்திரதால் என்றோர் ஏரி உள்ளது. தால் என்றால் ஏரி. பிறை வடிவில் அமைந்திருப்பதால் அதற்குச் சந்திரனின் பெயர் வாய்த்தது. மகாபாரதத்தின் இறுதியில் தருமபுத்திரரை அழைத்துச் செல்ல இந்திரன் தேரோடு வந்து இறங்கியது அதன் கரையில்தான் என்பது அப்பகுதி மக்களின் நம்பிக்கை. பத்ரிநாத்துக்கு அப்பால், மானா கிராமத்தைக் கடந்து செல்லும் வழியில் உள்ள சதோபந்த் ஏரியையும் சுவர்க்காரோகிணிச் சிகரத்தையும் அந்த இடமாகக் கொள்வோரும் உண்டு. எது சரி என்று வழக்காட எனக்கு விருப்பமில்லை. தருமர் நடந்த பாதை எங்களுடையது என்று இரண்டு மலைநாடுகள் உரிமை கொண்டாடுவது அவருக்குப் பெருமையே.

சென்ற ஆண்டு ஆவணி மாதத்தில், அந்த ஏரிக்கு மூன்று கிலோமீட்டர் இப்பால், ஒரு முழு நாளைக் கூடாரத்தில் கழித்தேன். அந்த ஒரு நாளைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

நான் திருவையாற்றுக்காரி. 31 ஆண்டுகள் பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றேன். வயது 67. மோட்டார் சைக்கிளில் மலையேறும் கூட்டத்தோடு இந்தக் கிழவிக்கு என்ன வேலை என்று வாசகர்கள் வியக்கக்கூடும். என் மகனும் அவனுடைய நண்பர்கள் நால்வரும் ஆண்டுக்கொரு முறை இவ்வாறு புறப்படுவார்கள். நல்ல தார்ச்சாலை அவர்களுக்குச் சுவைப்பதில்லை. கல்லும் சேறும் ஓடை நீரும் நிறைந்த வழியே வேண்டும். கருவிகள், மாற்று டியூப்கள், மளிகை, பிராணவாயு உருளை ஆகியவற்றை ஏற்றிக்கொண்டு ஒரு ஜீப்பும் பின்னால் வரும். அதில் ஓட்டுநர், மெக்கானிக் இருவர் போக ஓர் இருக்கை காலியாக இருக்கும். இம்முறை சந்திரதால் என்று கேள்விப்பட்டதும் அந்த இருக்கை எனக்கு என்று சொல்லிவிட்டேன். மகன் மறுக்கவில்லை. இதய மருத்துவரிடம் அழைத்துச் சென்று எல்லாப் பரிசோதனைகளையும் செய்வித்த பிறகே பயணச்சீட்டு எடுத்தான்.

அந்த வண்டிகளைப் பற்றி ஒரு சொல். அவை திருவொற்றியூரில் 1950களில் தொடங்கிய நிறுவனத்தின் தயாரிப்புகள். வடிவுடையம்மன் அருள்பாலிக்கும் ஊரில், பட்டினத்தார் சமாதி கொண்ட ஊரில் வேர்விட்ட வண்டி இமயத்தின் பனியோடையில் நீந்தி ஏறுவதைப் பார்த்தபோது, நம் ஊர்ப் பிள்ளை வெளியூரில் பரிசு வாங்குவதைப் பார்ப்பது போலிருந்தது.

மணாலியில் இரண்டு இரவு, பிறகு 2020இல் திறக்கப்பட்ட ஒன்பது கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப்பாதையைக் கடந்து சிஸ்ஸுவில் ஓர் இரவு. உடல் உயரத்துக்குப் பழக வேண்டும் என்பதற்காகவே இந்தத் தங்கல்கள். கிராம்பூவைத் தாண்டியதும் சாலை என்ற சொல்லுக்குப் பொருளில்லாமல் போய்விடுகிறது. சந்திரா ஆற்றின் கரையோடு, உருண்டைக் கற்களின் மேலேயே வழி. பிள்ளைகள் இருக்கையில் அமராமல், கால்மிதிகளில் எழுந்து நின்றபடி வண்டியைச் செலுத்தினார்கள். குலுக்கலை முழங்கால் வாங்கிக்கொள்ளுமாம். மலையிலிருந்து இறங்கும் ஓடைகள் வழியைக் குறுக்கே வெட்டுகின்றன. காலையில் கணுக்கால் அளவே நீர் இருக்கும். வெயில் ஏற ஏறப் பனிப்பாறை உருகி, பிற்பகலில் அதே ஓடை தொடை அளவு சீறிக்கொண்டு வரும். ஆகவே அங்கே பயணமெல்லாம் விடியற்காலைப் பயணமே. இந்த ஓடைகளின் குணம் எங்களுக்கு எவ்வளவு முக்கியமாகப் போகிறது என்பதை அப்போது நான் அறியவில்லை.

பாதல் என்னுமிடத்தில் ஆற்றுப் பாலத்தைக் கடந்து, ஏறத்தாழ 14 கிலோமீட்டர் மேலேறிக் கூடாரங்களை அடைந்தோம். சந்திரதால், ராம்சர் உடன்படிக்கையின்கீழ் 2005 முதல் பாதுகாக்கப்படும் நீர்நிலை. அதன் கரையில் கூடாரம் அடிக்க அனுமதியில்லை. சற்றுத் தொலைவிலேயே தங்க வேண்டும். மறுநாள் ஓய்வு நாள் என்று குழுத்தலைவன் முன்பே அட்டவணையில் எழுதியிருந்தான். உடல் தேற ஒரு நாள், வண்டிகள் தேற ஒரு நாள். பிற்பகலில் ஏரிக்கு நடந்துபோய் வருவது மட்டுமே அன்றைய வேலை.

யாத்திரையில் ஓய்வு நாள் என்பது நமக்குப் புதிதன்று. லிபுலேக் கணவாய் வழியாகக் கயிலைக்குச் செல்வோர் குஞ்சியில் தங்கி, மருத்துவர் சோதித்து ஒப்பிய பிறகே மேலே ஏறலாம். தஞ்சை மராட்டிய மன்னர்கள் இராமேசுவரம் செல்லும் வழியெங்கும் சத்திரங்கள் கட்டினார்களே, அவை உணவுக்காக மட்டும் எழுந்தவையல்ல. ஒரத்தநாட்டில் சரபோஜி மன்னர் எழுப்பிய முக்தாம்பாள் சத்திரத்தை இன்றும் காணலாம். வழியில் நோயுற்ற யாத்திரிகருக்கு மருந்தும் தங்க இடமும் தருவதும் அந்தச் சத்திரங்களின் தருமமாக இருந்தது. எத்தனையோ பேர் சேதுவைக் காணாமல் அந்தத் திண்ணைகளிலேயே பத்து நாள், பதினைந்து நாள் படுத்திருந்து ஊர் திரும்பியிருப்பார்கள். அவர்களைப் பற்றி எந்தத் தலபுராணமும் பேசுவதில்லை.

ஓய்வு நாள் விடிந்தபோது என் மகன் எழுந்திருக்கவில்லை. இரவெல்லாம் தலைவலி, உறக்கமில்லை. என்னை எழுப்பாமல் இருந்திருக்கிறான். வெந்நீர் கொடுத்தேன், வாந்தியெடுத்தான். 38 வயது, நாள்தோறும் ஓடுகிற உடம்பு. 67 வயதுக்காரி எனக்கு லேசான மூச்சிரைப்பைத் தவிர ஒன்றுமில்லை. அந்த உயரத்தில் நாம் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் கடல்மட்டத்தில் கிடைக்கும் பிராணவாயுவில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்குதான் கிடைக்கிறது. அதை எந்த உடம்பு தாங்கும், எது தாங்காது என்பதற்கு வயதும் வலிமையும் கணக்கில்லையாம்.

கூடாரங்களை நடத்துபவர் அந்தப் பள்ளத்தாக்கிலேயே பிறந்தவர். ஐம்பது வயதிருக்கும். சிறுவயதில் இந்திப் பிரசார சபையில் மத்தியமா வரை படித்தது அன்று எனக்குக் கைகொடுத்தது. அவர் மகனின் விரலில் கருவியை மாட்டிப் பார்த்தார். 72 காட்டியது. என் விரலில் 84. பிறகு அவனை வெளியே அழைத்துவந்து, ஒரு காலின் குதிகாலை மறுகாலின் விரல்நுனியோடு ஒட்டிவைத்து நேர்க்கோட்டில் நடக்கச் சொன்னார். அவன் தள்ளாடாமல் நடந்தான். அவர் முகம் சற்றுத் தெளிந்தது.

"மாதாஜி, இவர் இப்படி நேராக நடக்கும் வரை பயமில்லை. நடை தடுமாறினாலோ, சும்மா படுத்திருக்கும்போதே மூச்சு வாங்கி இருமல் வந்தாலோ, ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது. இறக்கிவிட வேண்டும்."

இறக்குவதுதான் எப்படி? மருத்துவமனை உள்ள காசாவுக்குப் போக வேண்டுமானால் ஏறத்தாழ 15,000 அடி உயரக் குன்சும் கணவாயை ஏறிக் கடக்க வேண்டும். நோயோ உயரத்தால் வந்தது. அதைவிட உயரத்துக்குக் கொண்டுபோவது எப்படி? வந்த வழியே கேலாங்குக்குத் திரும்பலாமென்றால், வழியெங்கும் அந்த ஓடைகள், பிற்பகலில் பெருகுபவை. அவனுக்கு மாத்திரையும் பிராணவாயுவும் கொடுத்து, நீர் நிறையக் குடிக்கச் செய்து, நாலு மணிவரை பார்ப்பது, மோசமானால் எப்படியேனும் பாதல் வரையாவது இறங்கிவிடுவது என்று முடிவாயிற்று. ஜீப்பை ஓட்டுநர் திருப்பி, கீழ்நோக்கி நிறுத்திவைத்தார். அந்த ஒரு செயல் என் வயிற்றைக் கலக்கியது.

பிள்ளைகள் நால்வரும் ஏரிக்குப் போகத் தயங்கி நின்றார்கள். என் மகன்தான் அவர்களைக் கிளப்பினான். பிறகு என்னிடம் திரும்பினான்.

"நீயும் போயிட்டு வாம்மா. இதுக்குத்தானே இவ்வளவு தூரம் வந்தே? ரெண்டு மணி நேரந்தான். நான் படுத்துண்டுதான் இருக்கப்போறேன்."

"போறேன், போறேன். முதல்ல நீ கண்ணை மூடு."

அவன் முகமூடியோடு கண்களை மூடினான். நான் கூடார வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டேன்.

வெளியே வண்டிகள் ஐந்தும் வரிசையாக நின்றன. மெக்கானிக் ஒவ்வொன்றாகச் சங்கிலியைத் துடைத்து எண்ணெயிட்டான். சக்கரக் கம்பிகளைத் தட்டி, ஓசை மாறியவற்றை முறுக்கினான். காற்றுவடிகட்டியைத் தட்டியபோது ஒரு கைப்பிடி மண் கொட்டியது. கயிற்றில் ஈரக் காலுறைகள் கொடியில் காயும் மீன்களைப் போல் தொங்கின. மரமென்பதே இல்லாத மலைகள், பழுப்பும் சாம்பலுமாய், உச்சிகளில் மட்டும் வெண்மை. ஒலியென்றால் காற்றும் கூடாரத்துணி படபடப்பதும்தான். ஏரி ஒரு மேட்டுக்கு அந்தப்புறம். இங்கிருந்து ஒரு துளி நீலமும் தெரியாது.

கூடாரத்து நாயொன்று, கரடிக்குட்டி போல் சடைமயிரோடு, வந்து என் காலடியில் படுத்தது. சிரிப்பு வந்துவிட்டது. சந்திரதால் கரையில் நாய்க்குப் பஞ்சமா!

வில்லிபுத்தூரார் பாரதம் பத்துப் பருவங்களோடு நிறைவதால், பாண்டவர்களின் இறுதிப் பயணம் நம் பாடநூல்களில் வந்ததில்லை. நல்லாப்பிள்ளை பாரதத்தில் உண்டு. நான் வகுப்பில் அதைக் கதையாகவே சொல்வேன். வடதிசை நோக்கி நடக்கிறார்கள். முதலில் திரௌபதி விழுகிறாள். பின்னர் சகாதேவன், நகுலன், அருச்சுனன், வீமன். தருமர் திரும்பியும் பாராமல் நடக்கிறார். ஒரு நாய் மட்டும் தொடர்கிறது. இந்திரன் தேரோடு வந்து ஏறு என்கிறான். நாயோடு வருவேன் என்கிறார். நாய்க்குச் சுவர்க்கத்தில் இடமில்லை என்கிறான். அப்படியானால் நானும் வரவில்லை என்று தருமர் நிற்கிறார்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒன்பதாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எழுந்து கேட்டாள்: "டீச்சர், பொண்டாட்டி விழுந்தப்போ நிக்காதவரு நாய்க்காக எதுக்கு நின்னாரு?" வகுப்பே சிரித்தது. எங்கள் ஊருக்கு அருகில் திரௌபதியம்மன் கோயில் தீமிதியைப் பார்த்து வளர்ந்த பெண் அவள். அம்மனை வழியில் விட்டுவிட்டு நடந்தவர்மீது அவளுக்குக் கோபம். கேள்வி நியாயமானது. இந்திரனே ஏறத்தாழ அதைத்தான் கேட்கிறான்: மனைவியையும் தம்பியரையும் துறந்த நீ இந்த நாயைத் துறக்கலாகாதா என்று. வியாசர் தருமரின் வாயால் விடை தருகிறார். அவர்கள் இறந்துபோனார்கள், இறந்தவரை எழுப்ப என்னால் ஆகாது, உயிரோடிருந்த வரை அவர்களில் ஒருவரையும் நான் கைவிட்டதில்லை. இந்த நாயோ உயிரோடு என்னை அண்டி நிற்கிறது என்பது அதன் சாரம். அந்த விடையைத்தான் அவளுக்குச் சொன்னேன். அவள் ஒப்புக்கொண்டாளா என்பது தெரியவில்லை.

அன்று அந்த நாற்காலியில் அமர்ந்து, உள்ளே உருளையிலிருந்து வரும் மெல்லிய சீறலை எண்ணிக்கொண்டிருந்தபோது, கதையில் வேறொன்று என்னைப் பிடித்துக்கொண்டது. அந்த நாய் தருமதேவதை என்பது நமக்குத் தெரியும், கதை கேட்டவர்கள் நாம். தருமருக்குத் தெரியாது. அவர் கண்ணுக்கு அது பசித்த, களைத்த வெறும் நாய். தேரோ கண்முன் நிற்கிறது. ஓர் அடி எடுத்து வைத்தால் போதும். அந்த ஓர் அடியை எடுக்காமல் நின்றாரே, அப்போது அவருக்குக் கைமாறாக எதுவும் வாக்களிக்கப்படவில்லை. பரிசை முன்னிட்டு அவர் நின்றதாக நாம் சொல்லிவிட்டால், கதையின் உயிரே போய்விடும்.

இரண்டு மணிக்கு அவன் மீண்டும் வாந்தியெடுத்தான். கைகால் சில்லிட்டிருந்தன. எங்கள் ஊரிலிருந்து சிறிது தூரத்தில் திங்களூர், சந்திரன் வழிபட்ட தலம். அப்பூதியடிகளின் ஊரும் அதுவே. அரவு தீண்டி மாண்ட அவருடைய மகனை அப்பர் பெருமான் பதிகம் பாடி எழுப்பிய வரலாற்றைக் குழந்தையிலிருந்து கேட்டிருக்கிறேன். அடியாருக்கு அமுது தடைப்படக்கூடாதென்று மகனின் உடலை மறைத்துவைத்து இலை போட்ட அந்தத் தாயை எண்ணினேன். அவளைக் கும்பிடலாம். அவளாக இருக்க என்னால் முடியாது. "கைலாசநாதா, எனக்கு அந்தச் சோதனையெல்லாம் வேண்டாம்" என்று வாய்விட்டே சொன்னேன். அப்பர் தேவாரத்தில் எனக்கு மனப்பாடமான பதிகங்களை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினேன். நடுவே அவன் மூச்சைக் கவனிப்பதும், இருமல் வருகிறதா என்று செவிமடுப்பதுமாக இருந்ததால், பல பாடல்கள் பாதியில் நின்றன. முகாம்காரர் அரைமணிக்கொருமுறை வந்து எட்டிப்பார்த்தார். ஒருமுறை உப்பும் பூண்டும் போட்ட கஞ்சி கொண்டுவந்து எனக்குக் கொடுத்து, நான் குடிக்கும் வரை நின்றார்.

நாலு மணிக்கு மீண்டும் சோதனை. நேராக நடந்தான். எண் 80. தலைவலி பாதியாகியிருந்தது. "இன்றிரவு இங்கேயே இருக்கட்டும். இருட்டில் ஓடைகளில் இறக்குவதைவிட இது மேல். ஆனால் விடிந்ததும் கீழே. குன்சும் பக்கம் இவர் போகக் கூடாது" என்றார். குன்சும், ஸ்பிதி, தாபோ மடம் என்று மூன்று மாதமாக வரைபடத்தில் கோடு போட்டவன் என் மகன். சரி என்று மட்டும் சொன்னான்.

ஏரிக்குச் சென்றவர்கள் திரும்பினார்கள். முழுமையாக வலம் வந்தார்களாம். செல்பேசியில் காட்டினார்கள். அந்த நீலத்தை விவரிக்க நான் முயலவில்லை, நேரில் பார்க்காதவள். "இன்னும் வெளிச்சம் இருக்கு, வாங்கம்மா, நான் கூட்டிண்டு போறேன். அவனை இவங்க பாத்துப்பாங்க" என்றான் ஒருவன். மகனும் போகச்சொல்லிக் கையசைத்தான். நான் போகவில்லை. தியாகம் என்று யாரும் எண்ண வேண்டாம். அவன் மூச்சின் ஓசை கேட்காத இடத்தில் நிற்க அன்று என் கால்கள் இசையவில்லை, அவ்வளவே. கயிலைக்குத் தவழ்ந்து சென்ற அப்பரை இறைவனே தடுத்துத் திருவையாற்றுக் குளத்தில் எழுப்பிக் காட்சி தந்ததை ஆண்டுதோறும் ஆடி அமாவாசையில் எங்கள் ஊரில் கொண்டாடுகிறோம். எனக்கு அப்படியொரு காட்சியும் கிட்டவில்லை. அன்று மூன்றாம் பிறை. பிறையையாவது தரிசிக்கலாம் என்று அந்தியில் வெளியே வந்து மேற்கே பார்த்தேன். மலைத்தொடர் சுவர்போல் நின்று மறைத்துவிட்டது. ஏரியும் இல்லை, பிறையும் இல்லை. நாய் மட்டும் எழுந்து வந்து என் பக்கத்தில் நின்று, நான் பார்த்த திசையையே பார்த்தது.

இரவு நான் உறங்கவில்லை. அவன் உறங்கினான்.

விடியற்காலை நாலரைக்கு நீர் குறைந்திருக்கும் வேளையில் புறப்பட்டோம். நண்பர்களில் இருவர் ஸ்பிதிக்கும் இருவர் எங்களோடும் என்று பிரிந்தார்கள். குன்சும் மாதா கோயிலை வலம் வந்து அவன் பெயருக்கு வேண்டிக்கொள்வதாக மேலே செல்பவர்கள் சொன்னார்கள். அவன் வண்டியை மெக்கானிக் ஓட்டிவந்தான். பாதலைத் தாண்டியதும் அவன் முகத்தில் நிறம் திரும்பத் தொடங்கியது. சத்ருவில் தேநீர் கேட்டான். கேலாங் மருத்துவமனையில் பார்க்கும்போது எண் 93.

கேலாங்குக்குச் சிறிது முன்னால் தாண்டி என்ற இடத்தில் சந்திரா ஆறு பாகா ஆற்றோடு கலக்கிறது. சந்திரனின் மகளும் சூரியனின் மகனும் மணம் புரிந்த இடமென்று கதை. அங்கிருந்து சந்திரபாகா, இன்னும் கீழே சீனாப், வேதத்தில் அசிக்னி. மருத்துவமனையிலிருந்து மறுநாள் திரும்பும் வழியில் ஜீப்பை நிறுத்தச் சொல்லி இறங்கினோம். சந்திரதாலின் உபரிநீர் சந்திரா ஆற்றில்தான் சேர்கிறது என்று முகாம்காரர் சொல்லியிருந்தார். சங்கமத்தின் கரைக்கற்களில் என் கையைப் பிடித்துக்கொண்டு மகன் முன்னால் நடந்தான். குனிந்து இரு கைகளாலும் நீரை அள்ளி என் தலையில் தெளித்தான். கத்தியால் கீறுவது போல் குளிர்ந்தது. பிறகு தன் தலையிலும் தெளித்துக்கொண்டு, நிமிர்ந்து, "பசிக்கறதும்மா, இங்க எங்கயாவது தயிர்சாதம் கிடைக்குமா?" என்றான்.